வீட்டில் மெழுகு, பட்டறையில் நெருப்பு: வெள்ளிப் பதக்கம் வார்க்கும் வழி

முதலில் ஒன்று: சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டில் உலோகம் உருக்க ஆசைப்படாதீர்கள். ஸ்டெர்லிங் வெள்ளி (92.5 சதவீத வெள்ளி) உருகவே கிட்டத்தட்ட 890 டிகிரி செல்சியஸ் வேண்டும், அது சமையலறை வேலை இல்லை. சங்கிலியில் கோர்க்கும் பதக்கத்தின் வடிவத்தை மெழுகில் செதுக்கும் வேலையைச் சாப்பாட்டு மேசையில் முடித்துவிட்டு, வார்த்துக் கொடுக்கும் நகைப் பட்டறையிடம் கொடுங்கள். வேலையின் உயிரே மெழுகில்தான் இருக்கிறது. அதில் விழுந்த கைரேகைகூட வெள்ளியில் வந்து நிற்கும்.

வெண்கலச் சிலை வார்க்கும் சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில், புதிதாகத் தொடங்குபவருக்கு நகை வேலைக்கான கெட்டி மெழுகுதான் சரி. பச்சை நிற மெழுகு கடினம், நுணுக்கமான கோடு நிற்கும். நீலம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

வரைந்த தாளை மெழுகின் மேல் ஒட்டி, கோடு நெடுக ஊசியால் குத்திப் புள்ளி வையுங்கள். அப்புறம் ரம்பத்தால் அறுத்து, அரத்தால் வடிவத்துக்குக் கொண்டு வாருங்கள். அரத்தில் மெழுகுத் தூள் அடைத்துக்கொள்ளும், பழைய பல் துலக்கியால் தட்டிவிட்டால் போதும். கனம் எங்கும் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். அளவுகோல் எட்டாத இடத்தில் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், மெலிந்த இடம் மட்டும் பளிச்சென்று ஒளிரும். சூடான ஊசிமுனையால் அங்கே ஒரு சொட்டு மெழுகு வைத்துத் திரும்ப அராவுங்கள். சங்கிலி கோர்க்கும் துளையையும் இப்போதே போட்டுவிடுங்கள்.

கொடுப்பதற்கு முன் எடை போடுங்கள். ஒரு கிராம் மெழுகு ஏறக்குறைய 11 கிராம் வெள்ளியாகும், 22 காரட் தங்கமென்றால் 18 கிராமுக்குப் பக்கம் போகும். விலை கேட்டு மயங்கும் பலர், பின்பக்கத்தைக் குடைந்து மெழுகைக் குறைத்திருக்கலாம்!

பட்டறையில், உலோகம் உள்ளே இறங்கும் வழியாக மெழுகுத் தண்டு ஒன்றை ஒட்டுவார்கள். அது பதக்கத்தின் தடித்த பகுதியில் இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள். மெல்லிய இடம் முதலில் இறுகும்போது தடித்த பக்கத்திலிருந்துதான் உலோகத்தை இழுக்கும், அந்த வழி அடைபட்டால் குழி விழும். பிறகு வார்ப்புச் சாந்தில் புதைத்து, காற்றுக் குமிழிகளை உறிஞ்சி எடுத்து, உலையில் மெல்ல மெல்ல 700 டிகிரிக்கு மேல் ஏற்றுவார்கள். மெழுகு உருகி எரிந்துபோக, அந்த வெற்றிடத்தில் வெள்ளி இறங்கும். அச்சை உடைத்துத்தான் பொருளை எடுக்க முடியும், மெழுகும் மிஞ்சாது. இன்னொன்று வேண்டுமென்றால் வார்க்கும் முன்பே ரப்பர் அச்சு எடுக்கச் சொல்லுங்கள்.

திரும்பி வருவது வெளிறி, தண்டின் அடிக்கட்டையோடு இருக்கும். அதை அராவிவிட்டு 400, 600, 1000 என உப்புத்தாளில் தேய்த்து மெருகேற்றுங்கள். இடுக்குகளில் மட்டும் அதிகம் தேய்க்காதீர்கள், அங்கே படியும் கறுப்புதான் கோடுகளை எடுத்துக் காட்டும்.