கலோரி இலக்கை மாற்றலாம், பயந்து மாற்றக் கூடாது

ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணி. திங்கள் காலை எடை மெஷினில் ஏறினால் ஒன்றேகால் கிலோ கூடியிருக்கிறது. அந்தப் பதற்றத்திலேயே, இன்றைக்கு 900 கலோரிதான் என்று முடிவெடுத்து, காலை டிபனைத் தவிர்த்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறோம். செவ்வாயும் அப்படியே ஓடுகிறது. புதன் சாயங்காலம் பஸ் ஸ்டாப் பக்கத்து டீக்கடையில் சூடாக வடை எடுக்கிறார்கள். இரண்டு வடையில் ஆரம்பிப்பது ராத்திரி பதினொரு மணிக்குப் பாத்திரத்தில் மிச்சமிருக்கும் சாதத்தில் முடிகிறது. வியாழக்கிழமை மறுபடி 900.

எட்டு மாதம் நான் இப்படித்தான் இருந்தேன். நோட்டில் 900, 1800, 1100, 2300 என்று ஏறி இறங்கும் எண்கள். எட்டு மாதத்தில் குறைந்தது ஒன்றரைக் கிலோ. நாளுக்கு ஒரு இலக்கு வைத்ததுதான் தப்பு என்று அப்போது நினைத்தேன். அப்படி இல்லை. இலக்கு நாளுக்கு நாள் மாறலாம். நடந்து முடிந்ததைப் பார்த்துப் பயந்து மாற்றுவதுதான் காரியத்தைக் கெடுக்கிறது.

அந்த ஒன்றேகால் கிலோவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. ஒன்றேகால் கிலோ கொழுப்பு ஏற வேண்டுமென்றால், அன்றாடத் தேவை போக மேற்கொண்டு ஒன்பதாயிரத்துக்கும் அதிகமான கலோரி உள்ளே போயிருக்க வேண்டும். ஒரு மதியச் சாப்பாட்டில் அது நடக்காது. ஏறியது பெரும்பாலும் தண்ணீர். பிரியாணியின் உப்பு தண்ணீரைப் பிடித்துவைக்கும். அரிசியின் மாவுச்சத்து தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேரும்போது, ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் சேர்கிறது. குடலில் இன்னும் செரிக்காத உணவின் எடை வேறு. இரண்டு மூன்று நாளில் தானாக இறங்கிவிடும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பல பெண்களுக்கு எடை கூடுவதும் இதே மாதிரிதான். அதைப் பார்த்து இலக்கைக் குறைத்தால், உடம்பு ஏற்கெனவே சோர்ந்திருக்கும் நேரத்தில் சோற்றையும் பிடுங்குகிறோம்.

சரி, திட்டம் போட்டு மாற்றுவது எப்படி? 35 வயது, 158 செ.மீ. உயரம், 72 கிலோ எடையுள்ள ஒரு பெண். 1990-ல் வந்த மிஃப்லின்-செயின்ட் ஜியோர் சூத்திரப்படி, படுத்தே இருந்தாலும் அவர் உடம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1,370 கலோரி செலவழிக்கும். லேசான நடமாட்டத்துக்கு 1.375-ஆல் பெருக்கினால் 1,890 வரும், அதுதான் அவருடைய ஒரு நாள் தேவை. தினம் 1,500 சாப்பிட்டால் வாரத்துக்கு 10,500. அதையே திங்கள் முதல் வெள்ளி வரை 1,400, சனி ஞாயிறு 1,750 என்று பிரித்தாலும் அதே 10,500தான். வாரக் கணக்கு மாறவில்லை, ஞாயிறு மதியம் குடும்பத்தோடு நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடவும் முடிகிறது.

ஆனால் சனி ஞாயிறில் அளவில்லாமல் போய், நாளுக்கு 2,500 ஆகிவிட்டால் வாரக் கணக்கு 12,000. வாரம் 350 கிராம் குறைய வேண்டியது 160 கிராமாக நின்றுவிடும். ஐந்து நாள் கட்டுப்பாட்டில் கிட்டத்தட்டப் பாதி போச்சு. "வாரம் முழுக்க டயட்லதான் இருக்கேன், குறையவே மாட்டேங்குது" என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது சனி ஞாயிறைப் பற்றித்தான்.

கலோரியை ஏற்றி இறக்கினால் மெட்டபாலிசம், அதாவது உடம்பு கலோரியைச் செலவழிக்கும் வேலை, ஏமாந்து வேகமெடுக்கும் என்று நம்புகிறவர்களும் உண்டு. அமெரிக்காவில் நூறு பேரை வைத்து ஓராண்டு நடத்தி 2017-ல் வெளியிட்ட ஆய்வில், ஒருநாள் விட்டு ஒருநாள் மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களுக்கும் தினம் சீராகக் குறைத்தவர்களுக்கும் எடை ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது. பாதியில் விட்டுப் போனவர்கள் மட்டும் முதல் வகையில் அதிகம். நம் வீட்டுக் கிருத்திகை, அமாவாசை விரதமும் இப்படித்தான். பக்திக்காக இருப்பதில் எந்தக் குறையும் இல்லை. எடைக்காக இருப்பதாக நினைத்துக்கொண்டு, விரதம் முடித்ததும் பஜ்ஜியும் பாயசமுமாகச் சாப்பிட்டால் பகல் முழுக்கப் பட்ட பசி வீண்.

கையில் கட்டும் வாட்ச் இன்னொரு இடறல். ஒரு மணி நேரம் நடந்தால் 72 கிலோ ஆளுக்கு 250 கலோரி என்று காட்டும். அதில் 70 போல சும்மா உட்கார்ந்திருந்தாலே செலவாகியிருக்கும். அதோடு, தினமும் நடப்பதைச் சேர்த்துத்தான் 1.375-ஆல் பெருக்கியிருந்தால், வாட்ச் சொன்னதை இலக்கில் மறுபடி கூட்டுவது ஒரே நடைக்கு இரண்டு முறை சாப்பிடுவது மாதிரி. ஆப்பில் இதைத் தானாகக் கூட்டும் வசதி இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

இலக்கை 1,500-லிருந்து 1,450 ஆக்கலாமா என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் அடுப்படிக்குப் போய்த் தாளிப்பதைப் பார்க்க வேண்டும். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் 120 கலோரி. பாட்டிலைச் சாய்த்து ஊற்றுகிற கைக்கு ஒன்றும் இரண்டும் ஒன்றுதான். நான் ஒருநாள் வழக்கம்போல கத்தரிக்காய் வதக்க ஊற்றிவிட்டு, கடாயிலிருந்ததைத் திரும்ப ஸ்பூனால் அளந்து பார்த்தேன். நாலு ஸ்பூன். நோட்டில் ஒன்று என்று எழுதியிருந்தேன். அரிசியும் அப்படித்தான். நூறு கிராம் வேகாத அரிசி சுமார் 350 கலோரி, வடித்த சாதம் நூறு கிராம் 130. ஒருநாள் அரிசியாகவும் மறுநாள் சாதமாகவும் எடை போட்டு எழுதினால் எந்த இலக்கும் நிற்காது. 1992-ல் வெளியான ஓர் ஆய்வில், என்ன செய்தும் எடை குறையவில்லை என்றவர்கள் உண்மையில் சாப்பிட்டதில் கிட்டத்தட்டப் பாதியைத்தான் கணக்கில் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய்யர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கடாயைப் பார்த்த பிறகு நிச்சயமாகத் தோன்றவில்லை.

இலக்கை மாற்றியே ஆக வேண்டிய ஒரு சமயமும் உண்டு, அதைத்தான் பலர் மறக்கிறார்கள். அதே பெண் 62 கிலோவுக்கு வந்துவிட்டால் அவர் தேவை 1,890 அல்ல, சுமார் 1,750. சிறிய உடம்புக்குச் செலவு குறைவு. பழைய இலக்கிலேயே இருந்தால் குறையும் வேகம் மந்தமாகும். நாலைந்து கிலோ குறைந்ததும் ஒருமுறை புதிதாகக் கணக்குப் போட்டால் போதும். அதற்கு முன் மாற்றத் தோன்றினால், மூன்று நான்கு வாரத்தின் சராசரி எடையைப் பாருங்கள், ஒரு காலையின் எடையை வேண்டாம்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுப்பவர்கள், திடீரென ஒருநாள் சாப்பாட்டைப் பாதியாக்கக் கூடாது. மருந்து அதே அளவில் இருக்க உணவு குறைந்தால் சர்க்கரை தாழ்ந்து, கை நடுங்கி, வியர்த்து, மயங்கி விழும் அளவுக்குப் போகலாம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் தாங்களாக இலக்கு வைக்க வேண்டாம். மற்ற பெண்களும் 1,200-க்குக் கீழே, ஆண்கள் 1,500-க்குக் கீழே இறங்குவதாக இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள்.

இப்போது நான் ஞாயிறு ராத்திரி, அடுத்த வாரக் கல்யாணம், விருந்து, வெளியூர்ப் பயணம் எல்லாவற்றையும் பார்த்து ஏழு நாளுக்கும் எண் எழுதிவிடுகிறேன். திங்கள் காலை மெஷின் என்ன காட்டினாலும் அந்தப் பக்கத்தில் திருத்துவதில்லை.