சீனி, பிரஷர் வந்த பிறகு காப்புறுதி: கொழும்பில் நாங்கள் விடும் பிழைகள்

அந்த ஏஜென்ட் தம்பி நல்ல பிள்ளை. எங்கள் வெள்ளவத்தை வீட்டு மேசையில் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே சின்னம்மாவின் காப்புறுதிப் படிவத்தை அவரே நிரப்பினார். "சீனி, பிரஷர் ஏதும் இருக்கா அன்ரி?" என்று கேட்டார். "கொஞ்சம் சீனி இருக்கு தம்பி, குளிசை போடுறன்." பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "அதைப் போட்டா கட்டுப்பணம் கூடும் அன்ரி. இல்லையெண்டே போடுவம்." நாங்களும் தலையாட்டினோம். கீழே கையெழுத்து வைத்தது சின்னம்மா.

மூன்றாம் வருடம் நெஞ்சு நோவென்று ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரவு இரண்டு மணிக்கு வார்ட்டில் நின்ற இளம் டொக்டர் "எவ்வளவு காலமா சீனி?" என்று கேட்க, "பத்து வருசம் இருக்கும் மகன்" என்று சின்னம்மா உள்ளதைச் சொன்னா. டொக்டரிடம் யார் பொய் சொல்வார்கள்? அந்த வரி ஆஸ்பத்திரி எழுதித் தரும் டயக்னோசிஸ் கார்ட்டில் ஏறியது. கிளெய்ம் போட்டபோது கம்பனி டயக்னோசிஸ் கார்ட்டையும் பழைய படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. காசு வரவில்லை.

இருக்கும் வருத்தத்தை மறைப்பதுதான் முதல் பிழை. ஆகப் பெரியதும் அதுதான். காப்புறுதி ஒப்பந்தம் கேட்ட கேள்விக்கு முழு உண்மையைச் சொல்வதில் நிற்கிறது. முக்கியமான ஒன்றை மறைத்தது தெரிந்தால் கம்பனி கிளெய்மை மறுக்கலாம், ஒப்பந்தத்தையே செல்லாது என்றும் சொல்லலாம். மறைக்கவும் முடியாது என்பது வேறு கதை. கிளினிக் கொப்பி, பழைய இரத்தப் பரிசோதனை, பார்மசிப் பில், ஆஸ்பத்திரி நோயாளர் பதிவு என்று எத்தனையோ இடத்தில் எழுதிக் கிடக்கும். படிவத்தை ஏஜென்ட் நிரப்பினாலும் பொறுப்பு கையெழுத்து வைத்தவருக்கு. ஆகவே நீங்களே நிரப்புங்கள். எந்த வருடம் கண்டுபிடித்தது, என்ன குளிசை, எத்தனை மில்லிகிராம், கடைசியாகப் பார்த்த சீனி எவ்வளவு என்று எழுதி, கிளினிக் கொப்பியின் பிரதியையும் இணைத்து, முழுவதையும் ஒருமுறை போட்டோக்கொப்பி அடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் படிவம் விளங்காவிட்டால் தமிழ்ப் படிவம் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

உண்மையைச் சொன்னால் தரமாட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். எப்போதும் அப்படி இல்லை. கட்டுப்பணத்தைக் கூட்டித் தருவார்கள், அல்லது குறிப்பிட்ட காலம் காத்திருக்கச் சொல்வார்கள், அல்லது அந்த வருத்தத்தை மட்டும் விலக்கிவிட்டுத் தருவார்கள். விலக்கினால் பிறகு எதற்கு என்று தூக்கிப் போடாதீர்கள். சீனி உள்ளவருக்கும் டெங்கு வரும், அப்பெண்டிக்ஸ் வரும், பாத்ரூமில் வழுக்கி இடுப்பெலும்பு முறியும். ஆனால் விலக்கை எழுதியிருக்கும் விதத்தைச் சொல்லுக்குச் சொல் பாருங்கள். "நீரிழிவு" என்று மட்டும் இருப்பது ஒன்று, "நீரிழிவும் அதனால் ஏற்படும் சிக்கல்களும்" என்று இருப்பது வேறொன்று. இரண்டாவதில் இருதயம், சிறுநீரகம், கண், கால்புண் எல்லாம் அடங்கிப் போய்விடலாம். அப்படியென்றால் எதற்குப் பயந்து காப்புறுதி எடுத்தீர்களோ, அது முழுக்க வெளியே நிற்கிறது. கையெழுத்துக்கு முன்பு, "நாளைக்கு எனக்கு ஹார்ட் அட்டாக் வந்தால் தருவீர்களா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் வாயால் சொன்னதை கிளெய்ம் மேசையில் யாரும் கேட்க மாட்டார்கள்.

கட்டுப்பணத்தை மட்டும் வைத்து இரண்டு கம்பனிகளை ஒப்பிடுவதும் பிழைதான். அறைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு, ஒரு சத்திரசிகிச்சைக்கு உச்சம் எவ்வளவு, எத்தனை வயது வரை புதுப்பிப்பார்கள் என்ற மூன்றையும் பாருங்கள். ஆயுள் காப்புறுதியோடு ஒட்டி வரும் மருத்துவ இணைப்பும், வருடா வருடம் புதுப்பிக்கும் மருத்துவக் காப்புறுதியும் ஒன்றல்ல. வருடாந்தக் காப்புறுதி என்றால், வருத்தம் கூடிய பிறகு புதுப்பிக்கும்போது என்ன செய்வார்கள் என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

வேலை செய்யும் இடத்துக் குழுக் காப்புறுதியை நம்மவர்கள் மதிப்பதில்லை. ஏற்கெனவே வருத்தம் உள்ளவருக்குப் பெரும்பாலும் அதுதான் மலிவான வழி. ஆளாளாக மருத்துவப் பரிசோதனை செய்யாமல் எல்லோரையும் சேர்க்கும் திட்டங்கள் இருக்கின்றன. பழைய வருத்தத்துக்கும் ஓர் எல்லை வரை தரும் திட்டங்களும் உண்டு. இரண்டாயிரம் ரூபாய் சம்பளம் கூட வருகிறதென்று கந்தோர் மாறுகிறவர், புதிய இடத்தில் பழைய வருத்தத்துக்கு என்ன வழி, பெற்றோரைச் சேர்க்கலாமா என்பதையும் கேட்டுவிட்டு ராஜினாமாக் கடிதம் கொடுக்கட்டும். அரச ஊழியர்களுக்கு அக்ரஹார காப்புறுதி இருக்கிறது. சம்பளத்தில் மாதாமாதம் வெட்டுப்படுவது தெரியும், கிளெய்ம் போடலாம் என்பது தெரியாது என்கிற ஆசிரியர்களை நானே பார்த்திருக்கிறேன்.

கிளெய்மை மறுத்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். முதலில் கம்பனிக்கே எழுத்தில் முறையிட வேண்டும். சரிவராவிட்டால், முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமும், இலங்கைக் காப்புறுதி ஒழுங்குமுறைப்படுத்தல் ஆணைக்குழுவிடமும் போகலாம். எங்கள் விஷயத்தில் போகவில்லை, போக முகமில்லை. பெரிய சத்திரசிகிச்சை என்றால், சிகிச்சைச் செலவுக்கு உதவும் ஜனாதிபதி நிதியத்தையும் விசாரியுங்கள். இப்போது பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். சிகிச்சை முடிந்து பில்லைக் கட்டிய பிறகு ஓடாமல், திகதி குறித்த உடனேயே போய்க் கேட்பது நல்லது.

சரி, இனி மருந்து. என் கணிப்பில் காசு கூடுதலாகக் கரைவது இங்கேதான், ஏனென்றால் இது மாதாமாதம் போகிறது. ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பெரும்பாலான காப்புறுதி உதவும். தினமும் போடும் குளிசைக்கு வெளிநோயாளர் எல்லை என்று ஒன்று இருந்தால் உண்டு, அதுவும் வருட நடுவிலேயே முடிந்துவிடும். ஆகவே காப்புறுதி எடுத்துவிட்டோம் என்று அரச கிளினிக்கை விடுவது சரியான மடத்தனம். வெள்ளவத்தை, தெஹிவளை ஆட்களுக்குக் களுபோவில போதனா வைத்தியசாலை பக்கத்தில்தான். கொட்டாஞ்சேனை, மருதானைப் பக்கத்து ஆட்களுக்குத் தேசிய வைத்தியசாலை. விடியவே போய் நம்பர் எடுத்து வாங்கில் இருக்க வேண்டும், அரை நாள் போகும், உண்மைதான். ஆனால் டொக்டரும் மருந்தும் இலவசம், கிளினிக் கொப்பியில் தொடர்ச்சியும் இருக்கும். மாதாமாதம் சனல் பண்ணி, அதாவது தனியாரில் காசு கட்டி டொக்டரைப் பார்த்து, அதே குளிசையை அதே அளவில் எழுதுவிக்க ஏன் காசு? ஆறு மாதத்துக்கு ஒருமுறை விசேட வைத்தியரைச் சனல் பண்ணி, இடையில் கிளினிக்கில் மருந்து எடுக்கிற ஆட்கள் நிறையப் பேர். அப்படிச் செய்தால் இரண்டு டொக்டருக்கும் மற்றவர் எழுதியதைக் காட்டுங்கள்.

கிளினிக்கில் மருந்து இல்லாமல் வெளியில் வாங்கத் துண்டு எழுதித் தந்தால், முதல் கண்ட பார்மசிக்குள் நுழைய வேண்டாம். அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் மருந்துக் கடையான ஒசுசலவில் விலை கேட்டுவிட்டு வாருங்கள். கொழும்பு 7இல் நகர மண்டபத்துப் பக்கம் ஒன்று இருக்கிறது. அந்தக் கூட்டுத்தாபனம் 1971இல் தொடங்கியது, பேராசிரியர் சேனக பிபிலேதான் முதல் தலைவர். மருந்தைக் கம்பனிப் பெயரில் அல்லாமல் பொதுப் பெயரில், மொத்தமாக, குறைந்த விலைக்கு வாங்க வேண்டும் என்பது அவர் பிடித்த பிடி. அது இன்றைக்கும் உங்கள் பர்ஸைக் காப்பாற்றும். துண்டில் கம்பனிப் பெயர் இருந்தால் டொக்டரிடமே "இதின்ட பொதுப் பெயரையும் எழுதித் தாங்கோ" என்று கேளுங்கள். சீனிக்குப் போடும் மெட்போர்மின் என்றால் எந்தக் கம்பனி செய்தாலும் மெட்போர்மின்தான். விலை மட்டும் கடைக்குக் கடை, பெட்டிக்குப் பெட்டி மாறும். 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச சில்லறை விலை குறித்தார்கள். பிறகு விலைகள் ஏறின, ஆனாலும் பெட்டியில் அடித்த விலையைப் பார்த்துக் காசு கொடுக்கும் பழக்கம் நல்லது. ஓர் எச்சரிக்கை: தைரொய்டுக்குப் போடும் தைரோக்சின், வலிப்பு மருந்து, இரத்தம் உறையாமல் போடும் வோபரின் போன்றவற்றில் டொக்டரைக் கேட்காமல் கம்பனி மாற்றாதீர்கள். அளவில் சின்ன வித்தியாசமும் அங்கே தாக்கும்.

இன்னொன்று. நம் பார்மசிகளில் பத்துக் குளிசை கேட்டால் கார்ட்டைக் கத்தரிக்கோலால் வெட்டித் தருவார்கள். காலாவதித் திகதி வெட்டுப்பட்டு மற்றப் பாதியோடு போய்விடும். திகதி உள்ள துண்டைக் கேட்டு வாங்குங்கள், அல்லது அவர்களையே உறையில் எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாகச் சென்னைப் பை. கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ போய்வருகிற யாராவது ஆறு மாத மருந்தைக் கட்டிக்கொண்டு வருவார்கள், அங்கே மலிவு என்று. இந்தியாவில் இரண்டு மருந்தை ஒரே குளிசையில் சேர்த்து விற்பது சாதாரணம். எங்கள் மாமாவுக்கு வந்த பெட்டியில் கிளிமெபிரைடு, மெட்போர்மின் என்ற இரண்டு சீனி மருந்தும் ஒன்றாக இருந்தன. பெட்டியின் பெரிய எழுத்தில் கம்பனிப் பெயர் மட்டும், உள்ளே என்ன என்பது எறும்பு எழுத்தில். மாமா அதையும் போட்டு, கிளினிக்கில் தந்த மெட்போர்மினையும் கிளிமெபிரைடையும் போட்டார். மூன்றாம் நாள் காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றவருக்குச் சீனி அளவுக்கு மீறி இறங்கி, உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, கண் இருட்டியது. பக்கத்துக் கடைக்காரர் நெக்டோ சோடா ஒன்றை உடைத்துக் குடிக்கக் கொடுத்தபடியால் தப்பினார். இப்போது சென்னையிலிருந்து எது வந்தாலும், மாமி முதலில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தச் சின்ன எழுத்தை வாசித்து, கிளினிக் கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அலுமாரிக்குள் வைக்கிறா.