ஒரே பைப்பில் மூன்று சர்க்யூட்: நான் சிக்கியது நியூட்ரலில்

டி.பி. பாக்ஸிலிருந்து (வீட்டு லைன்கள் எல்லாம் பிரியும் பெட்டி) எங்கள் மாடி அறைக்குப் போவது ஒரே ஒரு 25 மி.மீ. பி.வி.சி. பைப். பெயின்ட் அடித்து ஆறு மாதம்கூட ஆகாத சுவரை மறுபடி வெட்ட வீட்டில் யாரும் சம்மதிக்கவில்லை. ஆக லைட்-ஃபேன் லைன், 16 ஆம்பியர் பிளக் லைன், இன்வெர்ட்டர் லைன் மூன்றும் அந்த ஒரு பைப்பிலேயே போயாக வேண்டும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர் கூடவே நின்றார், இழுத்தது நான். நீங்களும் தனியாக இறங்காதீர்கள்.

1. முதலில் மெயினை இறக்குங்கள். இன்வெர்ட்டரையும் அணைத்து, அதன் அவுட்புட்டைக் கழற்றிவிடுங்கள். மெயின் போனால் இன்வெர்ட்டர் தானே உயிர் பெற்று, அந்த பைப்பில் 230 வோல்ட்டை ஓடவிடும்.

2. அடுத்து வயர் சைஸ். பைப்பில் இடம் இருக்கிறதா என்று மட்டும்தான் பலரும் பார்க்கிறார்கள். பைப்பின் உள்பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் வயர் அடைக்கக் கூடாது. என் பைப்பின் உள்விட்டம் 21 மி.மீ., அதில் சுமார் 138 சதுர மி.மீ. வரை போகலாம். நான் போட்ட ஏழு வயருக்கு (கரண்ட் கொண்டுவரும் ஃபேஸ் மூன்று, அது திரும்பிப் போகும் நியூட்ரல் மூன்று, எர்த் ஒன்று) 66 போதும். அப்படியானால் பிரச்சினை எங்கே? சூட்டில்.

பைப்புக்குள் தனியாகப் போகும் 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் (கடையில் ‘ரெண்டரை’ என்று கேளுங்கள்) 30 டிகிரியில் 24 ஆம்பியர் தாங்கும். நம் ஊர் வெயிலுக்கு 40 டிகிரி என்று வைத்தால் 0.87 ஆல் பெருக்க வேண்டும். மூன்று சர்க்யூட் ஒன்றாகப் போவதால் இன்னொரு 0.7. மிஞ்சுவது 14.6 ஆம்பியர். அதன் தலையில் 16 ஆம்பியர் எம்.சி.பி. (சுமை கூடினால் தானே விழுந்து லைனை அணைக்கும் ஸ்விட்ச்) வைத்தால், எம்.சி.பி. விழுவதற்கு முன்பே வயர் வெந்து கொண்டிருக்கும். எனவே பிளக் லைனுக்கு 4 சதுர மி.மீ. போட்டேன், கணக்கு 19.5 ஆம்பியருக்கு வந்தது. லைட்டுக்கும் இன்வெர்ட்டருக்கும் 1.5 வயரும் 10 ஆம்பியர் எம்.சி.பி.யும். எர்த் ஒன்று போதும், ஆனால் இருப்பதில் பெரிய வயரின் சைஸில், அதாவது 4.

3. ஏழையும் ஒரே இழுப்பில் இழுங்கள். முதலில் நான்கு, பிறகு மூன்று என்று இழுத்தால் உள்ளே கிடக்கும் வயரின் தோல் உராய்ந்து கிழியும். ஜி.ஐ. கம்பி வேண்டாம், பைப் வளையும் பெண்டில் குத்தி நின்றுவிடும். வயரைக் கட்டி இழுக்க நைலான் ஸ்பிரிங்தான் என் கட்சி. கொஞ்சம் டால்கம் பவுடர் தூவினால் வழுக்கிக்கொண்டு போகும். பைப்புக்குள் ஜாயின்ட் கூடவே கூடாது.

4. நான் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டது இங்கேதான். எல்லாம் மாட்டி முடித்து இன்வெர்ட்டர் லைட்டைப் போட்டேன். ஆர்.சி.சி.பி. (போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் ஒத்துப்போகாவிட்டால் லைனை அணைக்கும் ஸ்விட்ச்) விழுந்தது. தூக்கினேன், மறுபடி விழுந்தது. ஆர்.சி.சி.பி.யே கெட்டுவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன். அதுவும் விழுந்தது. பணம் போனதுதான் மிச்சம்.

நான் செய்த தப்பு இதுதான்: மாடி ஸ்விட்ச் பாக்ஸில் மூன்று கறுப்பு வயர்கள் வந்து நின்றன. நியூட்ரல்தானே என்று மூன்றையும் சேர்த்து முறுக்கிவிட்டேன். என் இன்வெர்ட்டர் லைன் ஆர்.சி.சி.பி. வழியாகப் போவதில்லை. அதன் ஃபேஸில் வேறு வழியாகப் போன கரண்ட், ஆர்.சி.சி.பி.யின் நியூட்ரல் வழியாகத் திரும்பியது. போனதற்கும் வந்ததற்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே அது விழ வேண்டும். ஒரு 20 வாட் டியூப்லைட்டே 87 மில்லி ஆம்பியர் இழுக்கும்.

ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் இந்தத் தப்பு வெளியே தெரியவே தெரியாது. எம்.சி.பி. ஃபேஸில் மட்டும் இருப்பதால், மூன்று லைனின் சுமையும் ஒரு 1.5 நியூட்ரலில் ஏறினாலும் தடுக்க ஆளில்லை.

அதனால் இழுக்கும் முன்பே இரு முனையிலும் 1, 2, 3 என்று எண் டேப் ஒட்டுங்கள். மாட்டியபின், மெயினும் இன்வெர்ட்டரும் அணைந்திருக்கும்போதே, டி.பி.யில் மூன்று நியூட்ரலையும் கழற்றி, இரண்டிரண்டாக மல்டிமீட்டரில் பாருங்கள். எந்த ஜோடியும் பீப் அடிக்கக் கூடாது. டெஸ்டரால் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

5. கடைசியாக, பல்பு, ஃபேன் எல்லாம் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெகரில் (வயர் தோலின் தடையை அளக்கும் கருவி) இன்சுலேஷன் பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் எங்கோ தோல் கிழிந்திருக்கிறது.

பின்சேர்க்கை: த்ரீ ஃபேஸ் வீட்டில் இதையே செய்யலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். மூன்று லைனையும் ஒரே ஃபேஸிலிருந்து எடுத்தால் செய்யலாம். வெவ்வேறு ஃபேஸை ஒரே ஸ்விட்ச் பாக்ஸுக்குள் கொண்டுவந்தால், பக்கத்துப் பக்கத்து ஸ்விட்ச்சுகளுக்கு இடையே 400 வோல்ட் நிற்கும். இன்னொருவர் இன்டர்நெட் கேபிளையும் அதே பைப்பில் நுழைத்துவிட்டாராம். அதை இன்றே வெளியே எடுத்து, தனி பைப்பில் விடுங்கள்.