விங் ஃபாயில்: தரையில் பழகும்போதே ஒட்டிக்கொள்ளும் தவறுகள்

காற்றடைத்த இறக்கை ஒன்றை (அதுதான் விங்) கையில் பிடித்து, அடியில் ஃபாயில் என்ற நீர்ச்சிறகு பொருத்திய பலகையில் நின்று, காற்றின் இழுப்பில் தண்ணீரில் போகும் விளையாட்டு விங் ஃபாயில். தரையில் அரை மணி நேரம் விங்கைப் பிடித்து நின்றதும் ‘அட, இவ்வளவுதானா!’ என்று தோன்றிவிடும். எனக்கும் தோன்றியது. தண்ணீரில் இறங்கிய பிறகுதான் புரிந்தது: கரையில் என் தவறுகளையெல்லாம் என் கால்கள் மூடி மறைத்திருக்கின்றன. விங் இழுத்தால் ஓரடி எடுத்து வைத்துச் சமாளித்துவிடுகிறோம். பலகையில் அந்த ஓரடிக்கு இடமே கிடையாது.

அதனால் காலுக்கு எல்லை இல்லாமல் பழகுவதைத்தான் முதல் தவறு என்பேன். மணலில் பலகை அளவுக்கு ஒரு கட்டம் கீறிக்கொள்ளுங்கள். ஆரம்பப் பலகைகள் சுமார் 70 முதல் 75 செ.மீ. அகலம் இருக்கும், கட்டமும் அவ்வளவு போதும். அதன் நீளம் காற்றுக்குக் குறுக்காக இருக்கட்டும். கால் கோட்டைத் தாண்டினால் தண்ணீரில் விழுந்ததாகக் கணக்கு. முதல் நாள் எத்தனை முறை ‘விழுகிறோம்’ என்று எண்ணிப் பார்த்தால் சிரிப்பு வரும்.

ஏன் கோட்டைத் தாண்டுகிறோம்? பெரும்பாலும் பின் கையால்தான். முன் கை, அதாவது போகும் திசைப் பக்கம் இருக்கும் கை, விங்கைப் பிடித்து நிறுத்தும் கை. பின் கைதான் ஆக்ஸிலரேட்டர். அதை உள்ளே இழுத்தால் விங்குக்கு விசை ஏறும், வெளியே விட்டால் இறங்கும். விங்கைத் தூக்கியவுடன் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து மார்போடு இழுப்பது எல்லோருக்கும் வரும் பழக்கம். பயத்தில் முழங்கை மடங்கும், விசை குபீரென்று ஏறும், ஆள் முன்னால் ஓடுவார். முன் கையை நீட்டியே வைத்து, பின் கையை இரண்டு விரல் அளவு இழுத்து, கொஞ்சம் பொறுத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். விரல்களில் பிடி தளர்வாக இருந்தால்தான் இந்த ஏற்ற இறக்கம் கைக்குத் தெரியும்.

இதன் தொடர்ச்சிதான் விடுவதில் வரும் குழப்பம். பலமாக ஒரு வீச்சு வந்தால் எந்தக் கையை விடுவது? பின் கையை. அப்போது விங் கொடி மாதிரி காற்றின் போக்கில் படபடத்து அடங்கிவிடும். பதற்றத்தில் முன் கையை விட்டுப் பின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தால், காற்றில் சிக்கிய குடை போல அது எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாது. நண்பர் ஒருவரை எதிர்பாராத நேரத்தில் “விடு!” என்று கத்தச் சொல்லிப் பழகுங்கள். மூளை யோசிக்கும் முன் பின் கை திறக்க வேண்டும். விங்கை உங்களோடு பிணைக்கும் கயிறான லீஷைக் கட்டாமல் இதைச் செய்யாதீர்கள். கழன்று ஓடும் விங் கரையில் இருக்கும் மற்றவர்கள் மேல்தான் போய் மோதும்.

அடுத்தது, நின்றபடியே பழகுவது. தண்ணீரில் தொடக்கம் மண்டியிட்டுத்தான். 5 சதுர மீட்டர் விங் என்றால் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மூன்று மீட்டருக்கு மேல் வரும். மண்டியிட்டால் நம் உயரம் குறைகிறது, கீழ் முனை தரையைத் தட்டுகிறது. மணலில் தட்டினால் உரசும், அவ்வளவுதான். தண்ணீரில் தட்டினால் மாட்டிக்கொண்டு விங் குப்புறக் கவிழும். கட்டத்துக்குள் மண்டியிட்டு, முன் கையை உயர்த்தி, விங் மேல்நோக்கி இழுக்கும்போது அதன் துணையில் ஒவ்வொரு காலாக ஊன்றி எழுந்து பாருங்கள். இந்த ஒரு பயிற்சிக்கு நின்றபடி செய்யும் பத்துப் பயிற்சி ஈடாகாது.

கவிழ்ந்த விங்கை நிமிர்த்துவதையும் மண்டியிட்டே செய்யுங்கள். கரையில் சுற்றி நடந்துபோய்த் திருப்பிவிடலாம், தண்ணீரில் நடக்க முடியாதே. ஒரு முனையையோ முன்விளிம்பையோ பிடித்துக் காற்று அடியில் புகும்படி தூக்கினால், காற்றே புரட்டித் தரும்.

அப்புறம், விங்கையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பது, பிடித்த பக்கம் மட்டும் பழகுவது. இரண்டும் எல்லோருக்கும் உண்டு. பார்வை போகும் திசையில் இருக்கட்டும். வராத பக்கத்துக்கு இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள்.

காற்று விஷயத்தில் ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்ற பழமொழியை மறந்துவிடுங்கள். விசை காற்று வேகத்தின் இருமடி கணக்கில் ஏறும்: 10 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) 20 நாட் ஆனால் இழுப்பு இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. தரையில் பழக 8 முதல் 12 நாட் தாராளம். கட்டடம், மரங்களுக்குப் பின்னால் காற்று சுழன்று சுழன்று வரும்; அங்கே பழகினால் தவறு உங்களுடையதா காற்றுடையதா என்றே தெரியாது. தார், சிமென்ட் தரை விங்கின் துணியைத் தேய்த்துவிடும். மணலோ புல்லோ நல்லது.

சரி, கை வலிக்கிறது, கீழே வைக்கிறீர்கள். முன்விளிம்பு காற்றைப் பார்க்க, கைப்பிடிகள் மேலே இருக்கும்படி கவிழ்த்து வைத்து, லீஷைக் கனமான எதிலாவது கட்டுங்கள். நான் நிமிர்ந்த வாக்கிலேயே போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். பாட்டில் மூடியைத் திறப்பதற்குள் அது மூன்று குட்டிக்கரணம் போட்டு முள் புதருக்குள் போய் உட்கார்ந்திருந்தது.