சென்னையில் ஏ.ஏ. மீட்டிங்: உங்களுக்குத் தோதானதைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஏ.ஏ. என்பது குடியை நிறுத்த நினைப்பவர்கள் கூடிப் பேசி, ஒருவருக்கொருவர் துணை நிற்கிற அமைப்பு. குடியை விட்டே தீர்வது என்று முடிவெடுத்த பலரும் தடுமாறுவது "சரி, எந்த மீட்டிங்குக்குப் போறது?" என்ற இடத்தில்தான். பேர் வாங்கிய குழுவைத் தேடி ஊர் முழுக்க அலைய வேண்டாம். உங்களுக்குக் கை பரபரக்கிற நேரத்தில், சுலபமாகப் போய்வர முடிகிற இடத்தில், மனசு விட்டுப் பேச வருகிற மொழியில் நடக்கிற மீட்டிங்தான் உங்களுக்கு நல்ல மீட்டிங்.

1. முதலில் உடம்பைப் பாருங்கள்

காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கிறது என்றால், நீங்களாகவே திடீரென்று நிறுத்தாதீர்கள். நிறுத்திய முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அடுத்த ஓரிரு நாளில் இல்லாத பூச்சி, இல்லாத ஆள் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்து பிதற்ற ஆரம்பிக்கலாம், உயிருக்கே ஆபத்து. இதற்கு டாக்டர் வேண்டும், மீட்டிங் போதாது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் சிகிச்சை உண்டு. சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய அமைப்பு நடத்துகிற, குடிநோய் சிகிச்சைக்கான டி.டி.கே. மருத்துவமனை இந்திரா நகரில் இருக்கிறது. எங்கே போவது என்றே புரியவில்லையா, 14446க்கு அடியுங்கள்; போதை மீட்புக்கான தேசிய உதவி எண், கட்டணம் கிடையாது. வலிப்பு வந்துவிட்டால் யோசிக்காமல் 108.

"அவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" என்று சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ் பக்கம் மட்டும் போகாதீர்கள். குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் செய்கிற மாத்திரைகள் உண்டு. ஆளுக்குத் தெரியாமல் கொடுத்து, அவர் மேலே குடித்தும்விட்டால் இரத்த அழுத்தம் சரிந்து விபரீதமாகிவிடும்.

2. மீட்டிங் பட்டியலை எடுங்கள்

ஏ.ஏ., அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்ததில் பிறந்தது. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றுதான் தகுதி. கட்டணம் இல்லை, பதிவேடு இல்லை. ஏ.ஏ.வின் இந்தியப் பொது சேவை அலுவலக இணையதளத்தில் தொடர்பு விவரம் கிடைக்கும். சிகிச்சை எடுத்த இடத்தின் கவுன்சிலரிடம் கேட்டால் இன்னும் சுருக்கமாக வேலை முடியும். எந்தக் குழு ஒழுங்காக நடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

3. சலித்தெடுங்கள்

முதல் சல்லடை, நேரம். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10க்கு மூடுகிறது. ஆபீஸ் விட்டதும் நேரே கடைக்குப் போய்ப் பழகியவருக்கு ஞாயிற்றுக்கிழமை காலை மீட்டிங்கால் பெரிய பிரயோஜனம் இல்லை. சாயங்கால மீட்டிங்தான் அந்த ஒரு மணி நேரத்தைக் காப்பாற்றும்.

அடுத்தது வழி. வரைபடத்தில் தூரத்தை மட்டும் பார்க்காமல், போகிற வழியில் உங்கள் வழக்கமான கடை வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால் ஒரு ஸ்டாப் தள்ளி இறங்குங்கள், இல்லையென்றால் வேறு மீட்டிங். தெரிந்தவர் கண்ணில் படுவோமோ என்று வேளச்சேரிக்காரர் பெரம்பூருக்குப் போவதும் உண்டு. அது தப்பில்லை. ஆனால் மழையும் டிராஃபிக்கும் சேர்ந்த ஒரு நாளில் "நாளைக்குப் போய்க்கலாம்" என்று தோன்றிவிடும். அரை மணி நேரப் பயணத்துக்குள் இருக்கட்டும்.

மொழியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஆபீஸில் ஆங்கிலம் பொளந்து கட்டுகிறவருக்கும் பெண்டாட்டியின் தாலியை அடகு வைத்த கதையைத் தமிழில்தான் சொல்ல வரும்.

ஓப்பன் மீட்டிங் என்றால் யாரும் வரலாம், அண்ணனையோ நண்பரையோ துணைக்குக் கூட்டிப் போகலாம். க்ளோஸ்டு மீட்டிங் குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும்.

4. போன் போடுங்கள்

போகும் முன் கட்டாயம் ஒரு போன். இடமும் நேரமும் மாறியிருக்கலாம். இப்படிக் கேட்டால் போதும்: "வணக்கம் சார், எனக்குக் குடிப் பிரச்சினை இருக்கு. தாம்பரம் பக்கம் சாயங்காலத்துல தமிழ் மீட்டிங் இருக்கா? புதுசா வர்றேன், வாசல்ல யாராவது நிப்பாங்களா?" பெண்ணாக இருந்தால், பெண்கள் வருகிற மீட்டிங் எது என்றும் கேளுங்கள். ஆன்லைன் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்து பார்க்கவும் செய்யலாம்.

5. போய் உட்காருங்கள்

சர்ச்சில் நடந்தால் கிறிஸ்தவக் கூட்டமோ என்று மிரள வேண்டாம். ஹால் கிடைத்த இடம் அது, அவ்வளவுதான். ஒருவர் எழுந்து, "என் பேர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று சொல்லித் தன் கதையைச் சொல்வார். நடுவில் யாரும் குறுக்கிட மாட்டார்கள், புத்திமதியும் வராது. உங்களுக்குப் பேச வரவில்லை என்றால் "இன்னைக்குக் கேட்டுக்கறேன்" என்றால் விட்டுவிடுவார்கள். உண்டியல் சுற்றி வரும். போட வேண்டும் என்ற கட்டாயமில்லை.

கடவுள் பேச்சு வரும். பகுத்தறிவாளர்களுக்கு இது உறுத்தும். குடியிலிருந்து மீள ஏ.ஏ. காட்டும் பன்னிரண்டு படிகளில் "நாம் புரிந்துகொண்ட வகையில் கடவுள்" என்றுதான் இருக்கிறது. அந்தக் குழுவையே தன்னை மீறிய சக்தியாக எடுத்துக்கொண்டு காலம் ஓட்டுகிற நாத்திகர்கள் உண்டு. அதுவும் ஒத்துவரவில்லையா, ஆன்மிகம் கலக்காத ஸ்மார்ட் ரிகவரி என்ற அமைப்பின் ஆன்லைன் கூட்டங்களைப் பாருங்கள்.

6. ஒன்றோடு நிறுத்தாதீர்கள்

முதல் மீட்டிங் பிடிக்கவில்லை என்றால் ஏ.ஏ.வே பிடிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். நாலைந்து குழுக்களைப் பாருங்கள். கட்டாயப்படுத்திப் பணம் கேட்டாலோ, டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். பிடித்த இடத்தில், உங்களைப் போலவே குடித்துப் பல வருஷமாக நிறுத்தியிருப்பவர் ஒருவரின் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பான்சர், அதாவது கூடவே இருந்து வழிகாட்டுகிற ஆள், அப்படித்தான் அமைவார்.

வீட்டில் இருப்பவர்களுக்கு அல்-அனான் என்று தனிக் குழு இருக்கிறது. நீங்கள் மீட்டிங்குக்கு வர மறுத்தாலும் உங்கள் மனைவியோ அம்மாவோ அங்கே போகலாம்.