இங்கிலாந்துக்கு பிள்ளைகளோட கிளம்புற நம்ம ஊர்க்காரங்களுக்கு: ஆஸ்பத்திரி கையெழுத்து விஷயம்

காரைக்குடி, தேவகோட்டை பக்கமிருந்து குடும்பத்தோட கிளம்புறவங்க நிறைய பேர் கேக்குறீங்க, அதான் எழுதுறேன். விசாவோட பிள்ளைக்கு வருஷத்துக்கு 776 பவுண்டு ஹெல்த் சர்சார்ஜ் (அங்க அரசு வைத்தியத்துக்கு விசாவோட வாங்குற கட்டணம்) கட்டிருப்பீங்க, போனதும் பக்கத்து ஜிபி (குடும்ப டாக்டர்) கிட்ட எல்லாரையும் பதிவு பண்ணிருங்க, தடுப்பூசி அட்டை கையில இருக்கட்டும். இதெல்லாம் பெரிய வேலை இல்ல.

சிக்கல் கையெழுத்துலதான். நம்ம ஊர்ல பிள்ளைக்கு ஆபரேஷன்னா சித்தப்பாவோ தாய்மாமனோ, யாரு கூட நிக்கிறாகளோ அவுக போட்டுட்டா முடிஞ்சுது. அங்க சின்னப் பிள்ளைக்கு பேரன்டல் ரெஸ்பான்சிபிலிட்டி, அதாவது சட்டப்படி பெத்தவங்க பொறுப்பு உள்ளவங்க, அதாவது பெரும்பாலும் அப்பா அம்மா மட்டும்தான் சம்மதம் தர முடியும். உசுருக்கு ஆபத்துன்னா யாருக்காகவும் காத்திருக்க மாட்டாக, அது வேற.

என் நண்பன் இதுல நல்லா மாட்டினான். அவுக அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) கண்டனூர்ல சாந்திக் கல்யாணம், புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வந்துட்டாக, ஸ்கூல்ல லீவு தர மாட்டாங்கன்னு ஒம்பது வயசுப் பையனை அங்கயே ஒரு பங்காளி வீட்டுல விட்டுட்டு. விசேஷம் முடிஞ்சும் அப்பச்சிக்கு உடம்பு முடியல, கிளம்ப முடியாம நாள் இழுத்துருச்சு. அதுக்குள்ள ரொம்ப நாளா காத்திருந்த டான்சில் ஆபரேஷனுக்கு தேதி வந்துருச்சு, பங்காளி கூட்டிட்டு போனா நீங்க யாரு, எழுத்துல அனுமதி இருக்கான்னு கேட்டு திருப்பி அனுப்பிட்டாங்க. தேதி போச்சு. அதோட விடல, பையன் எத்தனை நாளா உங்க வீட்டுல இருக்கான்னு கேட்டாங்க, அடுத்து கவுன்சில்ல (நம்ம நகராட்சி மாதிரி) இருந்து ஆள் வீட்டுக்கே வந்துட்டாங்க.

காரணம் 1989ம் வருஷத்து சில்ட்ரன் ஆக்ட். 16 வயசுக்கு கீழ உள்ள பிள்ளை நெருங்கின சொந்தம் இல்லாதவங்க வீட்டுல 28 நாளோ அதுக்கு மேலயோ இருந்தா அது பிரைவேட் ஃபாஸ்டரிங் (அடுத்தவங்க பிள்ளையை வீட்டுல வச்சுப் பாத்துக்குறது), ஆறு வாரம் முன்னாடியே கவுன்சிலுக்கு சொல்லணும், சொல்லாம விட்டா குற்றம். தாத்தா, பாட்டி, அப்பா அம்மாவோட கூடப்பிறந்தவங்க இவங்கல்லாம் நெருங்கின சொந்தம். ஒன்னுவிட்ட சித்தப்பா கிடையாது! ஒரே கோயில் பங்காளி, பொண்ணு குடுத்து எடுக்கவே கூடாதுங்குற அளவுக்கு ரத்தம், அவுக கணக்குல அந்நியன். இதைக் கேட்டு அப்பச்சி கட்டில்ல கிடந்தபடியே திட்டின திட்டை இங்க எழுத முடியாது.

அப்பத்தாவை வரவழைச்சு வச்சுக்கிட்டா 28 நாள் தொல்லை இல்ல, ஆனா உங்க எழுத்து அனுமதி இல்லாம ஆபரேஷனுக்கு அப்பத்தா கையெழுத்தும் செல்லாது. அதனால ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி பிள்ளை பேரு, பிறந்த தேதி, யாருகிட்ட விடுறீங்க, எந்த சிகிச்சைக்கு அவுக சம்மதம் சொல்லலாம், உங்க இந்திய நம்பர் எல்லாம் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுக் குடுங்க. தேதி குறிச்ச ஆபரேஷன் இருந்தா அந்தக் கடிதம் போதுமா, போன்ல சம்மதம் வாங்குவாங்களான்னு ஆஸ்பத்திரியில முன்கூட்டியே கேட்டுருங்க.

வளர்ந்த பிள்ளை வச்சிருக்கவங்களுக்கு இன்னொன்னு. 16 ஆயிட்டா அவங்களே சம்மதம் சொல்லலாம், 1969 சட்டம். அதுக்கு கீழயும் பிள்ளைக்கு விஷயம் நல்லா புரியுதுன்னு டாக்டர் நினைச்சா போதும், 1985ல கில்லிக் வழக்குல தீர்ப்பாயிருச்சு. பதினஞ்சு வயசுப் பொண்ணை தனியா பேசணும், நீங்க வெளிய இருங்கன்னு சொன்னா சண்டைக்கு நிக்காதீங்க, எனக்கும் பிடிக்காதுதான். ஸ்காட்லாந்து போறவங்க தனியா விசாரிச்சுக்குங்க, அங்க சட்டம் வேற.