குழு ஆய்வைக் கூறுபோடாமல் செய்வது எப்படி?

எம்.பி.பி.எஸ். படிப்பில் சமூக மருத்துவத் துறை தரும் குழு ஆய்வுக்கு மாணவர்களை வரிசை எண்படி பிரிப்பதே வழக்கம். வரிசை எண் பெயர்களின் அகரவரிசையைப் பின்பற்றுவதால், ஒரே எழுத்தில் பெயர் தொடங்குவதைத் தவிர வேறு ஒற்றுமை இல்லாத எட்டுப் பேர் ஒரு குழுவாகிவிடுகிறார்கள். அவர்கள் முதலில் செய்வது, முன்னுரை ஒருவருக்கு, ஆய்வுமுறை ஒருவருக்கு, முடிவுகள் இருவருக்கு என்று கூறுபோட்டுக்கொள்வது. அந்தக் கூறுகளைச் சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தைய இரவு ஒட்டும்போதுதான் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பது தெரியவருகிறது. எழுதுவதைப் பிரித்துக்கொள்வதற்கு முன், அளப்பதையும் கேட்பதையும் எட்டுப் பேரும் ஒரே விதமாகச் செய்யப் பழகுவதே குழு வேலையின் பெரும்பகுதி என்பது என் கருத்து.

ஒரு கிராமத்தில் 30 வயதைக் கடந்தவர்களிடையே உயர் ரத்த அழுத்தம் எவ்வளவு பரவியுள்ளது என்பது தலைப்பாக இருக்கட்டும். முதல் கூட்டத்தில் ஆய்வுக் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதி, அனைவரும் ஒப்புக்கொண்ட பின்னரே கலைய வேண்டும். மாதிரி அளவையும் அன்றே சேர்ந்து கணக்கிடுங்கள். முந்தைய ஆய்வொன்றில் பரவல் 20 விழுக்காடு என்றிருந்து, 5 விழுக்காடு பிழையை நீங்கள் ஏற்பதாக வைத்துக்கொண்டால், 4 × 20 × 80 ÷ 25 = 256 பேர் தேவை (80 என்பது நூறில் மீதி, 25 என்பது பிழையின் வர்க்கம்); மறுப்பவர்களுக்காகப் பத்து விழுக்காடு கூட்டினால் ஏறத்தாழ 282 பேர். இருவர் இருவராக நான்கு இணைகள் சென்றால் ஓர் இணைக்கு எழுபது பேர் வருவார்கள். வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வில் அந்த 20 எங்கிருந்து வந்தது என்ற கேள்வி, கணக்குப் போட்டவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம்தான் கேட்கப்படும். மனிதர்களிடம் ஆய்வு நடத்த அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்குக் காலம் பிடிக்கும் என்பதால் அந்த விண்ணப்பத்தை மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக அனுப்பிவிடுங்கள்.

களத்துக்குப் போவதற்கு முன் ஒரு மாலைப் பொழுதை ஒத்திகைக்கு ஒதுக்குவது அவசியம். விடுதியில் ஐந்து பேரை உட்காரவைத்து, குழுவினர் அனைவரும் தனித்தனியே அவர்களின் ரத்த அழுத்தத்தை அளந்து, பிறருக்குக் காட்டாமல் எழுதிய பின் ஒப்பிட்டுப் பாருங்கள். ரத்த அழுத்தம் தானாகவே சற்று ஏறியிறங்கும். ஆனால் ஒருவருடைய அளவு மட்டும் ஐவரிடமும் கூடுதலாகவே வந்தால், அவர் சிறிய கைப்பட்டையைப் பயன்படுத்தினாரா, ஐந்து நிமிட ஓய்வு தராமல் அளந்தாரா என்று பார்க்க வேண்டும். எண்களைப் பூஜ்யத்தில் முடிக்கும் பழக்கத்தையும் அப்போதே திருத்திக்கொள்ளலாம். 138 என்பதை 140 என்று எழுதும் கை, ஆரோக்கியமான ஒருவரை நோயாளிகள் பட்டியலில் சேர்த்துவிடுகிறது.

கேள்விகளுக்கும் இதே கட்டுப்பாடு தேவை. ஓர் இணை “உப்பு அதிகமாச் சேர்ப்பீங்களா?” என்றும், இன்னோர் இணை “ஊறுகாய், அப்பளம், கருவாடு வாரத்துல எத்தனை நாள்?” என்றும் கேட்டால் அவை இரண்டு ஆய்வுகளாகிவிடும். ஆகவே படிவத்தில் கேள்வியைப் பேச்சுத் தமிழிலேயே, கேட்கப்போகும் சொற்களிலேயே அச்சிடுங்கள். சமூகப் பொருளாதார நிலையை அளக்கும் குப்புசாமி அளவுகோல் நகர்ப்புறக் குடும்பங்களுக்கு உரியது; கிராமம் என்றால் பி.ஜி.பிரசாத் அளவுகோலை எடுத்துக்கொண்டு, எந்த மாதத்து விலைக் குறியீட்டெண்ணைக் கொண்டு வருமான வரம்புகளைத் திருத்தினீர்கள் என்பதையும் குறித்துவையுங்கள்.

படிவங்களை அன்றன்றே கணினியில் ஏற்றி, பத்தில் ஒன்றை வேறோர் இணை சரிபார்க்கட்டும். வாட்ஸப் குழு செய்தி சொல்ல உதவும். ஆனால் குழு எடுக்கும் முடிவுகள் அங்கே பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடியில் புதைந்துவிடும் என்பதால், அவற்றுக்கென ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும்.

வேலை செய்யாத ஒருவர் ஏறக்குறைய எல்லாக் குழுவிலும் இருப்பார். அவரைக் குழுவில் எல்லோர் முன்பும் கேட்பதைவிட, குழுத் தலைவர் முதல் வாரத்திலேயே தனியாகக் கேட்பது நல்லது. வீட்டிலிருந்து இரண்டு மணி நேரம் பேருந்தில் வருபவரால் மாலைக் கூட்டங்களுக்கு வர முடியாமல் இருக்கலாம். அவருக்குத் தரவு ஏற்றும் வேலையை நாள் குறித்துக் கொடுங்கள். அதன் பிறகும் நடக்கவில்லை என்றால், இறுதி வாரம்வரை காத்திருக்காமல் வழிகாட்டும் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.

அறிக்கையை ஒருவரே முழுதாக எழுத, மற்ற ஏழு பேரும் திருத்துவது, எட்டு நடைகளை ஒட்டுவதைவிடச் சீராக அமையும். ஒத்திகை வைவாவில் ஒவ்வொருவரும் தாம் தொடாத பகுதியை விளக்கட்டும்.

பலரும் மறக்கும் பொறுப்பு ஒன்று உண்டு: 180/110 என்று அளவு வந்தவரைத் தரவுப் பகுப்பாய்வு முடியும்வரை காக்கவைக்க முடியாது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். புதிதாகக் கண்டறியப்பட்ட மற்றவர்களின் பட்டியலை, அவர்கள் ஒப்புதலுடன், அங்குள்ள மருத்துவ அலுவலரிடம் சேர்த்தால், 2021 முதல் நடைபெறும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவர்களுக்கு வீட்டிலேயே மாத்திரை கிடைக்க வழியுண்டு. இந்தப் பொறுப்பை “எல்லோரும் பார்த்துக்கொள்வோம்” என்று விடாமல், ஒருவரின் பெயரை எழுதி ஒப்படையுங்கள்.